இசைத்தட்டும் கடற்காற்றும்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

இசைத்தட்டின் ஒலி டிஜிட்டல் ஒலியைவிடத் துல்லியமானது என்று நம்பி டர்ன்டேபிள் எனும் தட்டு ஓட்டும் கருவியை வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துல்லியம் மட்டுமே அளவுகோல் என்றால், அந்தப் போட்டி 1982-இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தபோதே முடிந்துவிட்டது. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவில் பதிவாகும் குறுந்தகட்டின் ஒலி வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி, ஏறத்தாழ 96 டெசிபல். நல்ல நிலையில் இருக்கும் எல்பி தட்டு (பல பாடல்கள் அடங்கும் பெரிய தட்டு) 70 டெசிபலை எட்டுவதே பெரிய விஷயம். குமரி மாவட்டத்தில் குளச்சலுக்குப் பக்கத்தில், கடற்காற்று நேராக வீட்டுக்குள் வரும் இடத்தில் இருந்துகொண்டு, பல ஆண்டுகளாக இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு வருகிறேன். அப்படியிருந்தும் பழைய பாடல் கேட்க வேண்டுமென்றால் கை தட்டு அடுக்கின் பக்கமே போகிறது. இதற்குக் காரணம் கருவியின் திறமை அல்ல. பழைய தமிழ்ப் பாடல்கள் இன்று இணையத்தில் எந்த நிலையில் கிடைக்கின்றன என்பதுதான்.

1960களிலும் 1970களிலும் வந்த திரைப்பாடல்களைக் கைபேசிச் செயலிகளில் தேடினால், இரைச்சலை நீக்குகிறோம் என்று மேல்சுர ஒலிகளையும் சேர்த்து வழித்தெடுத்த பதிப்புகள்தான் பலமுறை முன்னால் வந்து நிற்கின்றன. புல்லாங்குழலில் காற்று உரசும் சத்தமும், சரணத்துக்கு முன் பாடகி இழுக்கும் மூச்சும் அவற்றில் காணாமற்போயிருக்கும். சிலவற்றில் எதிரொலி சேர்த்திருப்பார்கள். சிலவற்றில் மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே அளவில் ஒலிக்கும்படி சத்தத்தை ஏற்றியிருப்பார்கள். ஒரே பாடல் இரண்டு இடங்களில் இரண்டு சுருதியில் கிடைப்பதும் உண்டு. நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் அன்றைய சிறிய ஈபி தட்டிலோ, ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்திருந்தவர்கள் குரலுக்கு எவ்வளவு, தபலாவுக்கு எவ்வளவு என்று ஒதுக்கிய பங்கீடு அப்படியே இருக்கிறது. படத்தின் கதை வசனம் அடங்கிய எல்பி தட்டுகளின் நிலை இன்னும் மோசம். அவற்றில் பலவற்றை இணையத்தில் தேடிக் களைத்ததுதான் மிச்சம்.

இது தட்டைச் செய்யும் வினைல் என்ற பிளாஸ்டிக்கின் மாயம் அல்ல என்பதை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். தேய்ந்துவிடுமோ என்று நான் அஞ்சும் தட்டுகளை ஒருமுறை ஓட்டிக் கணினியில் பதிவு செய்துகொள்வது வழக்கம். அந்தக் கோப்பைக் கேட்கும்போது, தட்டில் எனக்குப் பிடித்த குணங்கள் எல்லாம் அதிலும் குறைவின்றி இருக்கின்றன. டிஜிட்டல் வடிவத்தில் குறையில்லை, அதற்குள் போட்டுத் தந்த சரக்கில்தான் குறை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. ஆகவே, கணினியிலேயே பதிவாகும் இன்றைய பாடல்களைப் புதிதாகத் தட்டில் அச்சிட்டு விற்கும்போது நான் வாங்குவதில்லை. பெரிய அட்டைப்படத்துக்காக வாங்குபவர்களிடம் எனக்குச் சண்டையும் இல்லை. இருபது நிமிடத்துக்கொரு முறை எழுந்து தட்டைப் புரட்டுவதில் ஒரு தியானம் இருக்கிறது என்று சொல்வார்கள். எனக்கு அது வேலைதான்.

கருவியைப் பொறுத்தவரை, முள்ளின் அசைவை மின்சாரமாக மாற்றும் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மட்டுமே என்பதாலும், தட்டில் பதிக்கும்போது குறைத்த தாழ்சுரத்தையும் கூட்டிய மேல்சுரத்தையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும் என்பதாலும், ஃபோனோ உள்ளீடு உள்ள ஆம்ப்ளிஃபையர் அவசியம். அதில், இடது வலது ஒலிகளை ஒன்றாகக் கலக்கும் மோனோ பொத்தானும் இருந்தால் மிக நல்லது. 1970களின் கடைசி வரை வந்த தமிழ்த் தட்டுகளில் பெரும்பாலானவை மோனோதான். அந்தப் பொத்தானை அழுத்தியவுடன், முள் மேலும் கீழுமாக அசைவதால் எழும் கரகரப்பில் ஒரு பகுதி சட்டென்று அடங்கிவிடும், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. பெட்டி வடிவில் வரும் மலிவான பிளேயர்களில் முள்ளின் பாரத்தைச் சரிசெய்ய வழியில்லை. ஏறத்தாழ 2 கிராம் போதுமான இடத்தில் அதைவிடக் கூடுதல் பாரம் ஏற்றித் தட்டைத் தின்னும் அந்த வகையைத் தவிர்த்துவிடுங்கள்.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் தட்டு வளர்ப்பவர்களுக்கு முதல் எதிரி ஈரம். ஜூனில் தொடங்கும் நசநசப்பு டிசம்பர் வரை விட்டு விட்டு நீடிக்கும்போது, காகித உள்ளுறையிலும், தட்டின் மேல் படிந்த விரல் பிசுக்கிலும் பூஞ்சை வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது. நான் எல்லாத் தட்டுகளையும் பாலித்தீன் உள்ளுறைக்கு மாற்றி, தரையில் படாத அலமாரியில் செங்குத்தாக நிறுத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வைத்திருக்கிறேன். ராமபாணப் பூச்சி அட்டையைத் தொடுவது இதனால் வெகுவாகக் குறைந்தது. வடிநீரில் சிறிது ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்து வினைல் தட்டைத் துடைக்கலாம். ஆனால் அரக்கால் செய்த, அதைவிடப் பழைய 78 சுற்றுத் தட்டில் அந்தக் கலவை படவே கூடாது. அரக்கு கரைந்து பள்ளங்கள் பாழாகிவிடும். உப்புக்காற்றில் ஆம்ப்ளிஃபையரின் இணைப்பு முனைகள் பச்சை பூப்பதும், வெக்கையில் ரப்பர் பெல்ட் தளர்ந்து பாட்டின் சுருதி இறங்குவதும் இங்கே தவிர்க்க முடியாத செலவுகள்.

இந்தப் பக்கத்தில் கைமாறும் பழைய தட்டுகளில் பல, கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் மைக் செட் கட்டியவர்களிடமிருந்து வந்தவை. நடுத்தாளில் சவுண்ட் சர்வீஸின் ரப்பர் முத்திரையும், ஓரத்தில் மையால் எழுதிய எண்ணும் இருக்கும். கூம்பு ஒலிபெருக்கிக்காகப் பாரமான முள்ளில் ஆண்டுக்கணக்கில் ஓடிய தட்டுகள் அவை. அத்தகைய தட்டை வாங்கும் முன் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பள்ளங்கள் கருகருவென்று மின்னாமல் சாம்பல் பூத்திருந்தால், கீறல் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் மேல்சுரம் தேய்ந்துபோயிருக்கும். எல்பியின் வெளி விளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. நீளத்தில் விரியும் பாட்டு, நடுவை நெருங்கும்போது 21 செ.மீ.க்குள் நெருக்கப்படுவதால், தேய்மானம் முதலில் காதில் படுவது கடைசிப் பாடலில்தான். விற்பவர் முதல் பாடலைப் போட்டுக் காட்டினால், கடைசிப் பாடலில் முள்ளை வைக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.