பீக்காக் பாஸுக்கு ஒன்று, தோமானுக்கு ஒன்று: நம் நீர்த்தேக்கங்களுக்கு எந்த ரீல், எந்த நரம்பு, எந்த லூர்?

பாஸ் பிடிப்பது எப்படி என்று காணொளிகளைத் தேடினால், வருவதில் பெரும்பாலானவை அமெரிக்க லார்ஜ்மவுத் பாஸைப் பற்றியவை. படகில் நின்றபடி, புழு போன்ற ரப்பரை அடிமண்ணில் அங்குலம் அங்குலமாக நகர்த்தும் வித்தை அது. அதை அப்படியே நம் சிங்கப்பூரின் பிடோக்கிலோ லோவர் சிலேத்தாரிலோ செய்து பார்ப்பவர் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவார். நம்மிடம் இருக்கும் பீக்காக் பாஸ் பெயரில் மட்டும்தான் பாஸ். குலத்தால் அது சிக்லிட், திலாப்பியாவுக்குச் சொந்தம், பூர்வீகம் தென்னமெரிக்கா. பகலில் கண்ணால் பார்த்து, துரத்தி அடிக்கிற மீன். ஓடுகிற இரையைத்தான் விரட்டும். லூர், அதாவது செயற்கை இரை, அசையாமல் கிடந்தால் பெரும்பாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும்.

தோமான் வேறு ரகம். விரால் குடும்பத்தின் பெரிய உருப்படிகளில் ஒன்று, கீழ்த்தாடையில் நாய்ப்பல் போன்ற பற்கள், மூச்சு வாங்க மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும் பழக்கம். ஒரே நீரில் இரண்டும் இருப்பதால் ஒரே செட்டில் இரண்டையும் பிடித்துவிடலாம் என்று தோன்றும். முடியும், ஆனால் எங்கே விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

உயிர் இரையா, லூரா என்ற ஒப்பீடு இங்கே எழவே எழாது. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் நீர்த்தேக்கங்களில் குறிக்கப்பட்ட மீன்பிடி இடங்களில் மட்டும்தான் பிடிக்கலாம்; செயற்கை இரை மட்டும்தான் போடலாம். குடிநீர் ஆயிற்றே. அதோடு நாம் நிற்பது கரையில் அல்லது மேடையில். முதுகுக்குப் பின்னால் மெதுவோட்டக்காரர்களும் மிதிவண்டிகளும் போய்க்கொண்டிருப்பார்கள். கீழே வரும் தேர்வுகள் பலவற்றை முடிவு செய்வது மீன் அல்ல, இந்த இடம்தான்.

ஸ்பின்னிங்கா, பெய்ட்காஸ்டரா

ஸ்பூல் (நரம்பு, அதாவது தூண்டில் கயிறு சுற்றும் உருளை) அசையாமல் நிற்க, நரம்பு அதன் விளிம்பைத் தாண்டிப் போவது ஸ்பின்னிங் ரீல்; வீசும்போது ஸ்பூலே சுழல்வது பெய்ட்காஸ்டர். அதிகம் சண்டை நடப்பது இதில்தான். மீன் கிடைப்பதில் ஆகக் குறைந்த வித்தியாசம் தருவதும் இதுதான். ஏறக்குறைய 7 கிராமை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே உள்ள லூரின் எடை சாதாரண பெய்ட்காஸ்டரின் ஸ்பூலைச் சுழல வைக்கவே போதாது. மெல்லிய லூருக்கென்று ஆழமில்லாத ஸ்பூலுடன் தனி ரீல்கள் உண்டு. முதல் ரீலாக அதை வாங்குவது வீண் செலவு.

பெய்ட்காஸ்டரில் சிக்கு விழுவது ஏன்? ஸ்பூல் சுற்றும் வேகம் லூர் பறக்கும் வேகத்தை மிஞ்சினால், வெளியேற வழியில்லாத நரம்பு உள்ளேயே குவிகிறது. அது நடப்பது இரண்டு கணங்களில்: வெடுக்கென்று வீசும் தொடக்கத்தில், லூர் நீரைத் தொடும் முடிவில். எதிர்க்காற்று இருந்தால் நடுவழியிலும் நடக்கும். அதைத் தவிர்க்கும் வழி இது. கோலை நெஞ்சு உயரத்தில் நீட்டி, லூரைத் தொங்கவிட்டுப் பித்தானை அழுத்துங்கள். கைப்பிடிப் பக்கமுள்ள சிறு திருகை, லூர் நிதானமாக இறங்குமளவு முடுக்குங்கள். லூர் தரையைத் தொட்ட நொடியில் ஸ்பூலும் நிற்க வேண்டும். அதன்பிறகும் சுற்றினால் இன்னும் கொஞ்சம் முடுக்க வேண்டும். மறுபக்கத்துக் காந்த பிரேக்கை ஏறக்குறைய முழு அளவில் வைத்து வீசத் தொடங்கி, பத்துப் பதினைந்து வீச்சுக்கு ஒருமுறை ஒரு எண் குறைத்துக்கொண்டே வாருங்கள். லூரை மாற்றினால் திருகையும் மறுபடி பார்க்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். 14 கிராம் ஸ்பூனுக்கு (கரண்டி வடிவ உலோக லூர்) வைத்த அளவோடு 8 கிராம் பாப்பரை (நீர்மேல் சத்தமிடும் லூர்) வீசிவிட்டு ரீலைத் திட்டுவார்கள்.

ஸ்பின்னிங்கிலும் தொல்லை உண்டு, ஆனால் சத்தமில்லாமல் வரும். கைப்பிடியைச் சுழற்றி ரீலின் கம்பி வளையத்தை (பெயில்) மூடினால், தளர்ந்த நரம்பு ஒரு சிறு கண்ணியாக ஸ்பூலில் அமர்ந்துவிடும். ஏழெட்டு வீச்சு கழித்து அது முடிச்சாகிப் பறந்து வந்து கோலின் முதல் வளையத்தில் மாட்டும். பெயிலைக் கையால் மூடி, நரம்பை ஒருமுறை இழுத்துவிட்டுச் சுற்றினால் தொல்லையில் முக்கால்வாசி போய்விடும். ஸ்பூலின் விளிம்புவரை நரம்பை நிரப்பாமல் 2 மி.மீ. விட்டுவைத்தால் மீதியும் போய்விடும்.

ஒரே ஒரு செட் வாங்குபவருக்கு 2500 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல், ஆறரை அடி மீடியம் கோல், 5 முதல் 21 கிராம்வரை வீசும் ரகம் போதும். ஏழடிக் கோல் தூரம் போகும்தான். ஆனால் மரம் கவிந்த கரையில் அந்த அரையடி கிளையில் போய் மாட்டும். தோமானையே குறிவைப்பவருக்கு மட்டும் பெய்ட்காஸ்டரும் மீடியம் ஹெவி கோலும் நியாயமான செலவு. நரம்பு திசை மாறாமல் நேராக ஸ்பூலில் ஏறுவதால் புல்லுக்குள் ஓடும் மீனைக் கட்டி இழுக்கத் தெம்பு கிடைக்கும். அவசரத்துக்குக் கட்டைவிரலே பிரேக். இன்னொரு சௌகரியமும் உண்டு: கீழிருந்து மெல்ல ஊசலாட்டி விடும் வீச்சு பெய்ட்காஸ்டரில் எளிது. பின்னால் ஆட்கள் நடக்கும் இடத்தில் அதுதான் மரியாதையான வீச்சு. பக்கவாட்டில் சுழற்றி வீசுவது பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து.

நரம்பு: காசு போக வேண்டிய இடம்

ரீலில் மிச்சம் பிடித்து இங்கே போடுங்கள். பிரெய்டு (பின்னிய இழை), நைலான், ஃப்ளோரோகார்பன் மூன்றையும் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் யார் எதற்கு என்பது விளங்கிவிடும். நீர் 1 என்றால் பிரெய்டு 0.97, நைலான் 1.14, ஃப்ளோரோ 1.78. பிரெய்டு மிதக்கும், நைலான் மெல்ல அமிழும், ஃப்ளோரோ கல்போல் இறங்கும்.

முதன்மை நரம்பாக நைலான் வைத்தால் முழு இழுவையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் நீளும். 40 மீட்டர் தள்ளி ஒரு தோமான் கடிக்கும்போது நாம் சுண்டுகிற வேகத்தை அந்த நீட்சியே விழுங்கிவிடும். அதன் எலும்பு வாயில் தூண்டில் முள் இறங்காது. பிரெய்டு மிகக் குறைவாகத்தான் நீளும். ஆகவே முதன்மை நரம்பு பிரெய்டு என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. அதன் பலவீனம் உரசல்: கான்கிரீட் விளிம்பிலும் கல்லிலும் ஒருமுறை தேய்ந்தால் நார் நாராகப் பிரியும். பிரெய்டுக்கும் லூருக்கும் இடையே லீடர் என்ற சிறு துண்டு நரம்பு கட்டுவது அதற்காகத்தான். மீன் கண்ணுக்குத் தெரியாமலிருக்க என்பது அடுத்த காரணம்.

கடைகளில் ஜப்பானியச் சுருள்கள் அதிகம். அவற்றில் பி.இ. (பாலிஎத்திலீன் பிரெய்டு) 1, 1.5, 2 என்று போட்டிருப்பது பருமனைக் குறிக்கும் எண், வலிமையை அல்ல. நைலானில் 1 என்றால் 0.165 மி.மீ., 4 என்றால் அதன் இரு மடங்கான 0.33 மி.மீ. பிரெய்டில் அதே எண் நாரின் எடையைக் கொண்டு கணக்கிடப்படுவது. ஆகவே ஒரே 1.5 எண்ணில் ஒரு சுருள் 20 பவுண்டும் இன்னொன்று 30 பவுண்டும் காட்டலாம்; பவுண்டையும் சேர்த்தே படியுங்கள். பீக்காக்குக்கு 20 பவுண்டு பிரெய்டு தாராளம். தோமானுக்கு 40, புல் அடர்ந்த இடமென்றால் 50. எட்டிழை வழுவழுப்பாகத் தூரம் போகும். நாலிழை கரகரவென்று சத்தம் போடும், ஆனால் உரசலைத் தாங்கும். தவளை லூர் வீசுபவர் நாலிழையே வாங்கலாம். ஒரு சின்ன விஷயம்: வெறும் ஸ்பூலில் பிரெய்டைச் சுற்றினால் மொத்தச் சுருளும் வழுக்கிச் சுழலும், டிராக் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) கெட்டுவிட்டதோ என்று தோன்றும். அடியில் பத்து மீட்டர் நைலான் சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள்.

லீடர் 60 செ.மீ. முதல் ஒரு மீட்டர்வரை. பீக்காக்குக்கு 20 பவுண்டு, தோமானுக்கு 50 பவுண்டு. மூழ்கும் லூருக்கு ஃப்ளோரோ சரி. சிறிய பாப்பர், பென்சில் போன்ற மிதக்கும் லூருக்கு நைலான் லீடர்; கனத்த ஃப்ளோரோ லூரின் மூக்கைக் கீழே இழுத்து ஆட்டத்தைக் கெடுக்கும். தோமான் பல்லுக்குக் கம்பி லீடர் போடலாமா என்றால், தவளை லூருக்குப் போடலாம், சிறுமீன் வடிவ மின்னோவுக்கு வேண்டாம். விறைத்த கம்பியில் மின்னோ மரக்கட்டைபோல் வரும்.

பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்.ஜி. முடிச்சா, டபுள் யூனியா? டபுள் யூனி இரண்டு நிமிட வேலை, இருட்டிலும் கட்டலாம். பிரெய்டில் எட்டுச் சுற்று, லீடரில் நாலு. குறை என்னவென்றால் அது தடிப்பு. வீசும்போது வளையங்களில் டக் டக் என்று இடிக்கும். லீடரை குட்டையாக வைத்து முடிச்சைக் கோல்நுனிக்கு வெளியே நிறுத்திவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. எஃப்.ஜி. மெலிது, வலிமையும் கூடுதல். பிரெய்டை விறைப்பாகப் பிடித்து, லீடரை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி இருபது முறை பின்ன வேண்டும். ஒரு அரை முடிச்சு போட்டு, எச்சில் தொட்டு, மெல்ல ஆனால் முழு பலத்தோடு இழுங்கள். பின்னலின் நிறம் சட்டென்று கறுத்து இறுகுவது தெரியும். அதைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள். கறுக்காத பின்னல் வீட்டில் பிடிக்கும், மீன் இழுத்தால் லீடர் முழுசாக உருவிக்கொண்டு போகும். பிறகு இரண்டையும் சேர்த்து நாலைந்து அரை முடிச்சு, லீடர் வாலை ஒட்ட வெட்டி, பிரெய்டில் மட்டும் இன்னும் மூன்று.

லூர்: மேலேயா, கீழேயா

விடியலில், நீர் கண்ணாடியாய்க் கிடக்கும்போது பாப்பரும் பென்சிலும். பாப்பர் சத்தத்தால் தூரத்து மீனை அழைக்கும். பென்சில் இடமும் வலமும் தலையாட்டி, மருண்ட சிறுமீன்போல் வரும். பீக்காக் கூட்டம் குஞ்சுமீன்களை மேலே விரட்டித் துள்ளவிடும்போது பென்சிலை வேகமாக இழுத்தால் போதும். இதில் எல்லோரும் செய்யும் தவறு, நீர் சிதறியதும் கோலைச் சுண்டுவது. அந்த முதல் அடியில் லூர் பல நேரம் வாய்க்கு வெளியே இருக்கும். சிதறலைக் கண்டும் அதே வேகத்தில் இழுத்துக்கொண்டிருங்கள். கோலில் பாரம் ஏறினால் மட்டும் சுண்டுங்கள். தவளை லூரில் இன்னும் பொறுமை வேண்டும். அதன் முட்கள் முதுகோடு ஒட்டி இருப்பதால் வாய் மூடி அழுத்தினால்தான் வெளியே வரும். மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு முழு பலத்தோடு இழுக்க வேண்டும்.

வெயில் ஏறிவிட்டால் 7 செ.மீ. மின்னோ, அல்லது 5 கிராம் ஈயத்தலையில் மூன்று அங்குல ரப்பர் மீன். ரப்பர் மலிவு; தொலைந்தால் வயிறு எரியாது, நிறையத் தடங்கல் உள்ள இடத்துக்கு அதுவே ஏற்றது. வாலை மட்டும் சிறுமீன்கள் கடித்துப் போட்டுவிடும். வால் இல்லாத ரப்பரை வீசிக்கொண்டிருப்பதில் பயனில்லை, நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை பாருங்கள். மின்னோவில் இரண்டு சுண்டு, ஒரு நொடி நிறுத்தம். அதற்குமேல் நிறுத்தினால் பீக்காக்குக்குச் சலிப்புத் தட்டிவிடும்.

தோமான் மேலே வந்து காற்றைக் குடித்துப் போனால், அதற்கென்றே 10 முதல் 14 கிராம் ஸ்பூன். அது தலைகாட்டிய வட்டத்தின் நடுவில் போடாதீர்கள், பயந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்த்து, அந்தத் திசையில் இரண்டு மூன்று மீட்டர் தாண்டிப் போட்டு, அதன் வழியில் குறுக்கே இழுங்கள். மின்னோ காற்றில் தடுமாறும் தூரத்துக்கு ஸ்பூன் நேராகப் போய்ச் சேரும். குறை என்றால் புல்லை வாரிக்கொண்டு வரும்.

தோமானின் செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலே கொப்பளிப்பதைக் கண்டால் கீழே தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கின்றன என்று பொருள். எதைப் போட்டாலும் அடிக்கும். பசியால் அல்ல, கோபத்தால். அப்போது லூரைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவதே என் பழக்கம். காவல் போனால் மற்ற மீன்களுக்கு அந்தக் குஞ்சுகள் ஒரு வேளைச் சாப்பாடு.

முள்

மின்னோவோடு வரும் மூன்று முனை முட்கள் பெரும்பாலும் பீக்காக்குக்குத் தாங்கும், தோமானிடம் நிமிர்ந்துவிடும். தடித்த மூன்று முனை முள் மாற்றலாம், அல்லது ஒற்றை முள். என் ஓட்டு ஒற்றைக்கே, அதுவும் முனையில் பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கியை (பார்ப்) இடுக்கியால் நசுக்கியதற்கு. மீனைத் திரும்ப விடுபவருக்கு நொடியில் கழற்றலாம், வலையில் சிக்காது, விரலில் ஏறினாலும் வந்த வழியே வெளியே வரும். கடி தவறுவது சற்று அதிகம் என்பது உண்மை. இன்னொன்று: ஒற்றை முள் எடை குறைவு என்றால், நடுநீரில் நின்ற மின்னோ மிதக்கத் தொடங்கும். பழைய முள்ளையும் வளையத்தையும் நிறுத்துப் பார்த்து அதே எடைக்குப் போடுங்கள், அல்லது வயிற்றில் துளி ஈயத்தாள் ஒட்டுங்கள்.

டிராக்கைக் கைக்கணக்கில் வைக்காமல், பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் நரம்பை மாட்டி இழுத்துப் பாருங்கள். நரம்பு, லீடர் இரண்டில் பலம் குறைந்ததன் தாங்குதிறனில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே வழுக்க வேண்டும். 20 பவுண்டு, அதாவது 9 கிலோ என்றால் இரண்டே கால் முதல் 3 கிலோ. மேடையிலிருந்து பிடிப்பவர் இதையும் பார்க்க வேண்டும்: நீரில் எடையில்லாமல் வந்த மூன்று கிலோ தோமான், தூக்கும்போது மூன்று கிலோவாகத்தான் இருக்கும், அதோடு உதறவும் செய்யும். கோலை வளைத்துத் தூக்கினால் உடைவது கோல்நுனி. கைப்பிடி நீளும் வலையைத் தலைப்பக்கம் முன்கூட்டியே நீருக்குள் இறக்கி வையுங்கள். மீனை வலைக்குள் கொண்டுவர வேண்டும், வலையை மீனின் பின்னால் துரத்தினால் கடைசி ஓட்டம் ஓடிவிடும். பீக்காக்கின் கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடிக்கலாம், உப்புத்தாள்போல் சொரசொரப்புத்தான். தோமானுக்கு உதட்டுக் கிடுக்கி, இன்னொரு கை வயிற்றுக்கு அடியில்.