முகக்கவசத்துக்குள் தொலைந்த 'ஸ்': மூன்று ஆண்டு ஸ்பீச் தெரபி அனுபவம்

காது கேளாத என் மகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் (ஒலியைக் கேள்வி நரம்புக்கு நேராகக் கொடுக்கும் கருவி) அறுவைச் சிகிச்சை நடந்தது 2019 டிசம்பரில். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்தோம். அவளுக்கு மூன்று வயது நிரம்ப அப்போது இரண்டு மாதம் இருந்தது. 2020 ஜனவரியில், ஒலியை வாங்கி அனுப்பும் பிராசசரைக் காதின் மேல் பொருத்தி இயக்கி வைத்தார்கள். ஸ்பீச் தெரபி என்னும் பேச்சுப் பயிற்சிக்குப் பதினைந்து வகுப்புகள் போயிருப்போம். கொரோனா ஊரடங்கால் மார்ச் 24 மாலையோடு எல்லாம் நின்றுவிட்டது.

செப்டம்பர் 7 அன்று மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடத் தொடங்கியது. அந்த வாரமே திண்டுக்கல்லில் பஸ் ஏறி மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி, தெரபி மையத்துக்குப் போய்விட்டோம். ஐந்து மாதமாக செல்போன் திரையில் பார்த்த தெரபி மேடத்தை நேரில் கண்டதும் மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன். அவளோ என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த முகத்தில் பாதியைக் காணவில்லை.

அதிலிருந்து 2023 வரை, வாரம் இரண்டு நாள், முகக்கவசத்தோடுதான் தெரபி நடந்தது. இனிமேலும் காய்ச்சல் பருவங்களில் மருத்துவமனைகளில் இந்த விதி வந்து போகும். இப்போதுதான் கருவி பொருத்தியிருக்கும் குழந்தைகளின் பெற்றோருக்கு உதவட்டும் என்று, எது எங்களுக்குப் பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லிவிட வேண்டும். "வாயை மூடிக்கொண்டால் குழந்தைக்கு உதடு தெரியாது, பயிற்சி வீண்" என்று காத்திருக்கும் கூடத்தில் எல்லோரும் பேசிக்கொண்டோம். நானும் நம்பினேன். உண்மையில், கேட்டுப் பேசப் பழக்கும் முறையில் உதட்டை மறைப்பது பாடத்தின் ஒரு பகுதி. 'அம்மா' என்று சொல்லும்போதும் 'அப்பா' என்று சொல்லும்போதும் உதடுகள் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கின்றன. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள், தெரியும். வித்தியாசம் காதுக்குத்தான் கிடைக்கும். அதனால்தான் கொரோனாவுக்கு முன்பே மேடம் ஒரு எம்பிராய்டரி வளையத்தில் ஸ்பீக்கர் மீது போர்த்தும் மெல்லிய துணியை மாட்டி, அதை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேசுவார். உதடு தெரியாது, ஒலி மட்டும் குறையாமல் வரும்.

முகக்கவசம் அந்த வளையம் மாதிரி இல்லை. அது உதட்டோடு சேர்த்து ஒலியையும் மறைக்கிறது. எங்கள் சிக்கல் முழுவதும் இதில்தான் இருந்தது. இது புரிய எனக்கு ஓர் ஆண்டு ஆனது.

ஒவ்வொரு வகுப்பும் லிங் ஒலிகளில்தான் தொடங்கும். ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று ஆறு ஒலிகள். ஒலி கேட்டதும் குழந்தை கையிலுள்ள வளையத்தைக் கம்பில் போட வேண்டும். தாழ்ந்த ஒலியிலிருந்து மிக உயர்ந்த ஒலி வரை பேச்சு முழுவதையும் இந்த ஆறும் தொட்டுவிடுகின்றன என்பதால், கருவி சரியாக வேலை செய்கிறதா என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். மார்ச் மாதத்தில் என் மகள் மூன்று மீட்டர் தள்ளி நின்றே ஆறுக்கும் வளையம் போட்டாள். செப்டம்பரில் ஐந்துக்குப் போட்டாள். 'ஸ்' வந்தபோது வளையத்தைக் கன்னத்தில் வைத்தபடியே காத்திருந்தாள். மேடம் மறுபடி சொன்னார். அவள் அசையவில்லை. மேப்பிங் (பிராசசரில் செய்து வைத்த ஒலி அமைப்பு) கெட்டுவிட்டதா, தலையில் ஒட்டும் காயிலின் ஒயர் போய்விட்டதா என்று எனக்குக் கைகால் நடுங்கியது.

அப்போது மேடம் மூன்று மீட்டருக்கும் அதிகமாகத் தள்ளிப்போய், ஜன்னலை முழுதாகத் திறந்து, முகம் வெளியே பார்த்தபடி முகக்கவசத்தைக் கீழே இறக்கி 'ஸ்' என்றார். வளையம் கம்பில் விழுந்தது. கருவியில் குறையே இல்லை.

காரணத்தை ஆடியாலஜிஸ்ட் (கேட்பியல் நிபுணர்) பிறகு விளக்கினார். முகக்கவசங்கள் 2000 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரையுள்ள உயர் ஒலிகளைத்தான் அதிகம் விழுங்குகின்றன. சாதாரண அறுவைச் சிகிச்சை முகக்கவசம் 3, 4 டெசிபல் குறைக்கும். என்95 ஏறக்குறைய 12 டெசிபல் வரை குறைக்கும். 'ஸ்' என்ற ஒலியின் பலம் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. நமக்கு அந்த இழப்பு பெரிதல்ல. சொல்லில் பாதி கேட்டாலும் மீதியை ஊகித்துக்கொள்வோம். மொழியையே இப்போதுதான் கற்கும் குழந்தைக்கு ஊகிக்க எதுவும் இல்லை.

மேடத்தை முகக்கவசத்தைக் கழற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய தந்தை டயாலிசிஸ் செய்துகொள்பவர். கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகும் அவர் அணிந்துகொண்டுதான் வந்தார். அதை நான் மதித்தேன். முகக்கவசம் இருக்கும், அது எடுத்துக்கொள்வதை வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

ஒவ்வொன்றாக முயன்றோம். துணி முகக்கவசம், எங்கள் தெருத் தையல்காரர் மூன்று மடிப்பாகத் தைத்துத் தந்தது: ஒலி மந்தமாக வந்தது, நனைந்ததும் இன்னும் மோசம். என்95: 2021 மே மாதத்துக்கு முன்னும் பின்னும் மேடம் அதைத்தான் அணிந்தார். அணிய வேண்டிய காலம் அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாதங்களின் வகுப்பு நோட்டில் 'ஷ்', 'ஸ்' இரண்டுக்கும் நேராகப் பெருக்கல் குறிகளே இருக்கின்றன. முகம் முழுவதையும் மறைக்கும் பிளாஸ்டிக் தடுப்பு: ஒலி அதில் மோதி மேடத்துக்கே திரும்பிப் போனது. இரண்டு வகுப்போடு விட்டுவிட்டோம்.

வாய்ப் பகுதியில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வைத்துத் தைத்த முகக்கவசத்தின் மீதுதான் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. நானே இரண்டு தைக்கக் கொடுத்து வாங்கிப் போனேன். மேடத்தின் சிரிப்பைப் பல மாதம் கழித்துப் பார்த்த மகள் கைதட்டினாள். பத்து நிமிடத்தில் மூச்சுக்காற்றில் பிளாஸ்டிக் பனிபடர்ந்துவிட்டது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவித் துடைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். பனியைக்கூடச் சமாளித்திருக்கலாம். ஒலியை அந்தப் பிளாஸ்டிக் சாதாரண அறுவைச் சிகிச்சை முகக்கவசத்தைவிட அதிகமாகத் தடுத்தது. அதோடு, சரியாகக் கேட்காததால் மகள் உதட்டையே பார்க்கத் தொடங்கினாள். மூன்றாவது வாரம், "பந்தை எடு" என்றதற்கு மந்தை எடுக்கவா என்பதுபோல் ஆட்டுப் பொம்மையைத் தொட்டாள். ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுதானே. மேடம் அன்றே அதைக் கழற்றி மேசைக்குள் வைத்துவிட்டார். உதட்டைப் படித்துப் பழகிய, காது கேளாத பெரியவர்களுக்கு இது நல்ல பொருளாக இருக்கலாம். எங்கள் பயிற்சிக்கு எதிராக வேலை செய்தது.

கடைசியில் நிலைத்தது கடையில் கிடைக்கும் மூன்றடுக்கு அறுவைச் சிகிச்சை முகக்கவசம்தான். ஒலிக் குறைவு இதில்தான் மிகக் குறைவு. அதோடு ஒரு கம்பியில்லா மைக். மகளின் பிராசசரோடு நேராக இணையும் சிறு மைக் அது. மேடம் கழுத்துக்குக் கீழே, துப்பட்டாவில் உரசாத இடத்தில் மாட்டிக்கொள்வார். புதியதை வாங்க எங்களால் முடியவில்லை. அதே நிறுவனத்தின் கருவி வைத்திருந்த இன்னொரு குழந்தையின் தந்தை, தங்கள் வீட்டில் சும்மா கிடந்ததைக் குறைந்த விலைக்குத் தந்தார். மாட்டிய முதல் நாள் 'ஸ்' ஒலிக்கு வளையம் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மைக் வாங்குவதற்கு முன், உங்கள் பிராசசர் மாடலோடு அது இணையுமா என்று ஆடியாலஜிஸ்டிடம் கட்டாயம் கேளுங்கள். நிறுவனம் ஒன்றாக இருந்தாலும் மாடல் மாறினால் இணையாமல் போகலாம்.

ஒலியைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டேன். முகத்தை இழந்ததற்கு இப்படி ஒரு கருவி கிடைக்கவில்லை. சரியாகச் சொன்னபோது மேடம் சிரித்தது அவளுக்குத் தெரியவில்லை. கண்களை மட்டும் பார்த்து, திட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள். வீட்டில் ஒரு நாள் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். தன் வாயின்மேல் கைக்குட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்குள்ளிருந்து 'பந்து' என்பதை "அந்து, அந்து" என்று மந்தமாகச் சொன்னாள். பேச்சு என்றால் இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று என் குழந்தை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று இரவு நான் தூங்கவில்லை.

அடுத்த வகுப்பில் இதைச் சொன்னேன். மேடம் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அம்மா, இனி வீட்டில் உங்கள் முகம்தான் அவளுக்குப் பாடம். நான் இங்கே செய்வதை நீங்கள் அங்கே முகக்கவசம் இல்லாமல் செய்யுங்கள்" என்றார். அதன் பிறகு வகுப்பின் வடிவமே மாறியது. மேடம் சொல்லித் தருவார். நான் செய்து காட்டுவேன். அதே எம்பிராய்டரி வளையத்தை வாங்கிவந்து வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் நடத்தினேன். பாராட்டுக்குக் கட்டைவிரலை உயர்த்துவது, தோளை ஆட்டுவது என்று மேடம் சில சைகைகளை நிலையாக வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் ஜன்னலோரம் நின்று அரை நிமிடம் முழு முகத்தைக் காட்டி "வணக்கம்" சொல்வார். அந்த அரை நிமிடத்துக்காக மகள் படியேறும்போதே அவசரப்படுவாள்.

குழந்தைக்கு முகக்கவசம் போடுவது தனிக் கஷ்டம். பிராசசர் காதின் மேல் உட்கார்ந்திருக்கிறது. முகக்கவசத்தின் எலாஸ்டிக்கும் அங்கேதான் மாட்ட வேண்டும். 2020 அக்டோபரில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் வற்புறுத்தியதால் மாட்டிவிட்டேன். சமயநல்லூர் தாண்டியதும் அவள் புழுக்கம் தாங்காமல் பிடுங்கி எறிந்தாள். எலாஸ்டிக்கோடு பிராசசரும் போனது. சில லட்ச ரூபாய் பெறுமானமுள்ள பொருள். இருக்கைக்கு அடியில் கைபேசி வெளிச்சத்தில் தேடினோம். தலையோடு ஒட்டும் காயிலில் காந்தம் உண்டு. அது முன் இருக்கையின் இரும்புக் காலில் ஒட்டிக்கொண்டு, பிராசசர் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்டக்டர்தான் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து பிராசசரை ஒரு நூல் கயிற்றால் சட்டைக் காலரோடு கிளிப் போட்டு வைக்கிறேன். முகக்கவசத்தைக் காதில் மாட்டுவதே இல்லை. துணி ஹேர்பேண்டில் இரு பக்கமும் பெரிய பொத்தான் தைத்து, எலாஸ்டிக்கை அதில் மாட்டுகிறோம். பத்து ரூபாய்ச் செலவு.

விதியையும் தெரிந்து வைத்திருங்கள். ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு முகக்கவசம் பரிந்துரைக்கப்படவில்லை என்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் 2021 ஜூனில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன் அச்சுப் பிரதி ஒன்றைப் பையில் வைத்திருந்தேன். பல வாசல்களில் அதுதான் பேசியது. 2023 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் முகக்கவசம் மீண்டும் கட்டாயமானபோது மகளுக்கு ஆறு வயது நிரம்பியிருந்தது. பரிசோதனைக்காக ஓர் அரசு மருத்துவமனைக்குச் சென்றபோது வாசலில் நின்றவர், பயிற்சி அறைக்குள்ளும் குழந்தை கழற்றக் கூடாது என்று பிடிவாதமாகச் சொன்னார். நாக்கு எங்கே படுகிறது என்று பார்க்காமல் 'ழ' சொல்லித் தர முடியுமா? துறைத் தலைவரிடம் போய் நின்றோம். அறைக்குள், ஜன்னல் திறந்திருக்க, குழந்தை மட்டும் கழற்றலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நாற்பது நிமிடம் போனது. முதல் நாளே கேட்டு எழுதி வாங்கியிருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது.

செல்போன் வழி வகுப்பைப் பற்றிக் கேட்பார்கள். முகம் முழுதாகத் தெரியும். ஒலி நசுங்கி, தாமதமாக வரும். காய்ச்சல் நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

மகள் இப்போது பள்ளியில் முதல் வரிசையில் உட்காருகிறாள். அதே மைக்கை ஆசிரியை மாட்டிக்கொள்கிறார். அதன் கிளிப் மட்டும் தளர்ந்துவிட்டது. தனிக் கிளிப் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சேலையில் ஊக்குக் குத்தி அதில் கட்டித் தருகிறேன், நன்றாகவே நிற்கிறது.