ஊர்க் குழாய்: கிளையாகப் போடுவதா, வளையமாகப் போடுவதா?

எங்கள் தெருதான் டேங்கிலிருந்து கடைசி. வால்வைத் திறந்து அரைமணி ஆனாலும் குழாயில் உஸ்ஸென்று காற்றுதான் வரும், அப்புறம் ஒரு குடம் அளவுக்குச் செம்மண் நிறத்தில் கலங்கலாக வரும், அதைச் சாக்கடையில் கொட்டிய பிறகுதான் நல்ல தண்ணீர். கிளைமுறையில் குழாய் போட்ட ஊரில் கடைக்கோடி ஆட்களுக்கு இதுதான் கதி. மெயின் குழாய் அடிமரம், தெருக்குழாய்கள் கிளை, ஒவ்வொன்றும் ஒரு முட்டுச்சந்தில் போய் நிற்கும், அங்கே தண்ணீர் தேங்கிக் குளோரின் குறையும், வண்டல் படியும்.

வளையமுறையில் அந்த முட்டுகளை ஒன்றோடொன்று இணைத்துவிடுவார்கள். நடுவில் ஒரு குழாய் உடைந்தால் அந்தத் துண்டை மட்டும் வால்வால் அடைத்துவிட்டு மறுபக்கம் வழியாகத் தண்ணீர் விடலாம். கிளைமுறையில் உடைப்புக்கு அப்பால் இருக்கிற எல்லோருக்கும் அன்றைக்குப் பட்டினிதான்.

சரி, செலவு? கிளைமுறைதான் மலிவு, குழாயும் குறைவு, வால்வும் குறைவு. கணக்கும் சுலபம்: ஒரு குழாய்க்குக் கீழே இருக்கிற வீடுகளின் தேவையைக் கூட்டினால் அதில் ஓடும் தண்ணீர் தெரிந்துவிடும். வளையத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்யும். ஹார்டி கிராஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1936-இல் சொன்ன முறையில் திரும்பத் திரும்பத் திருத்திப் போட வேண்டியிருந்த அந்தக் கணக்கை, 1993-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இலவசமாக வெளியிட்ட ஈபாநெட் என்ற கணினி நிரல் இன்று நொடியில் போட்டுவிடுகிறது. எனவே 'கணக்கு கஷ்டம்' என்ற சாக்கு இனிச் செல்லாது.

அழுத்தம் என்று வந்தால் வளையத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. தண்ணீர் இருபக்கமும் பாதிப் பாதியாக வந்தால் உராய்வில் போகும் அழுத்தம் கிட்டத்தட்ட கால்பங்காகக் குறையும், நல்லதுதான். ஆனால் 100 மில்லிமீட்டர் குழாயை எடுத்துவிட்டு 150 போட்டாலே, அதே தண்ணீருக்கு அந்த இழப்பு ஏழில் ஒரு பங்குதான். அழுத்தம் மட்டும்தான் குறை என்றால் முதலில் தடித்த குழாய் கேளுங்கள்.

இன்னொரு வேடிக்கை. எந்தக் குழாய்க்கு எந்த விட்டம் போட்டால் செலவு குறையும் என்று தேடும் கணினி நிரல்களைச் சோதிக்க, ஆய்வாளர்கள் வியட்நாமின் ஹனோய் நகரக் குழாய்வலையின் மாதிரியை எடுத்துக்கொள்வார்கள்: 34 குழாய், ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்க 6 விட்டங்கள், 3 வளையங்கள். இந்தச் சின்ன வலைக்கே 6-இன் 34-ஆம் அடுக்கு வாய்ப்புகள், அதாவது 27 இலக்க எண். இப்படி ஒரு வலையைக் கொடுத்து 'செலவைக் குறை' என்று மட்டும் சொன்னால், நிரல் வளையத்தை மூடுகிற குழாய்க்குக் கிடைப்பதிலேயே ஒல்லியானதை வைத்துவிடப் பார்க்கும். படத்தில் வளையம், நிஜத்தில் கிளை! 'எந்தக் குழாயை அடைத்தாலும் இவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும்' என்று நிபந்தனை போட்டால்தான் அது உண்மையான வளையமாகும்.

பாதாளச் சாக்கடைக்கு இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. பள்ளம் பார்த்து ஓடுவதால் பொதுவாக அது கிளைதான். அங்கே சண்டை வேறு: சரிவைக் கூட்டினால் சின்னக் குழாய் போதும், ஆனால் ஆழமாகத் தோண்ட வேண்டும். குறைத்தால் தோண்டும் செலவு மிச்சம், ஆனால் வேகம் நொடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே போய் அடைத்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால் மெயின் குழாய்கள் வளையம், உள்தெருக்கள் கிளை, முட்டு முனையில் கழுவிவிட ஒரு வால்வு. ஆனால் இது தினமும் தண்ணீர் வரும் ஊருக்கு. எங்கள் தெருக்குழாய் முடிகிற இடத்துக்கும் பின்தெருக்குழாய் முடிகிற இடத்துக்கும் நடுவே இருபது அடிகூட இருக்காது, ஏன் சேர்க்கவில்லை என்று தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் கேட்டேன். "சேர்த்தா அவங்களுக்கு விடுற அன்னைக்கு உங்களுக்கும் வந்துரும் சார், அப்புறம் அந்தத் தெருக்காரங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார்.