இந்த அடி யாருக்கு? 4டி திரையரங்குகள் ஓர் ஒப்பீடு

நாயகன் வில்லனை ஓங்கிக் குத்துகிறான். என் சீட்டின் முதுகுப் பகுதிக்குள்ளிருந்து ஏதோ ஒன்று வந்து விலா எலும்புக்குப் பக்கத்தில் முட்டுகிறது. அடுத்த ஷாட்டில் வில்லன் திருப்பி அடிக்கிறான். அதே இடத்தில், அதே அழுத்தத்தில் இன்னொரு முட்டு. அப்போது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இந்தச் சண்டையில் நான் யார்? அடிப்பவனா, அடி வாங்குபவனா, ஓரமாக நின்று பார்ப்பவனா? அதையே யோசித்துக்கொண்டிருந்ததில் சண்டை முடிந்தது தெரியவில்லை.

அன்றிலிருந்து பல புலன்களுக்கு விருந்து என்று சொல்லும் எந்தத் தியேட்டரையும் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் எடைபோடுகிறேன். இந்த எஃபெக்ட் யாருடைய உடம்பில் நடக்கிறது? காட்சி மாறும்போது அதுவும் உடனே நின்றுவிடுகிறதா? எத்தனை எஃபெக்ட் இருக்கிறது என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதலில் அந்த எண்களைப் பார்த்துவிடலாம். 3டி என்பதற்கு உண்மையிலேயே ஒரு பொருள் உண்டு. இரண்டு கண்களுக்கும் தனித்தனிப் படம் காட்டி ஆழம் தெரிய வைக்கிறார்கள். 4டி என்றால், படத்தோடு சேர்த்து நாற்காலி ஆடும், காற்று வீசும், தண்ணீர் தெளிக்கும். இயற்பியலில் நான்காவது பரிமாணம் காலம். அது சினிமாவுக்குப் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. அதற்கு மேல் 5டி, 7டி, 9டி, 12டி என்று பலகையில் எழுதுவதற்கு எந்தப் பொது அளவுகோலும் கிடையாது. காற்றை ஒன்றாக, தண்ணீரை இன்னொன்றாக, கையில் கொடுக்கும் துப்பாக்கியை மற்றொன்றாக அவரவர் இஷ்டத்துக்கு எண்ணிக்கொள்கிறார்கள். ஒரு 12டி கூண்டில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு முழு 4டி அரங்கில் கிடைப்பதைவிடக் குறைவு. சில நிமிட அனிமேஷன், குலுங்கும் பெஞ்ச், ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். குழந்தைகள் கூச்சலிட்டுச் சிரிப்பார்கள், அது நல்ல விஷயம்தான். ஆனால் எண் கூடினால் அனுபவம் கூடும் என்று நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

இப்போது இருக்கும் போட்டி உண்மையில் இரண்டு வகைகளுக்கு நடுவில்தான். ஒரு பக்கம் கனடாவின் டி-பாக்ஸ். இன்னொரு பக்கம் தென் கொரியாவின் 4டிஎக்ஸ். இரண்டுமே 2009-இல்தான் வணிகத் திரையரங்குக்குள் நுழைந்தன. அமெரிக்காவிலிருந்து வரும் எம்எக்ஸ்4டியைத் தனியாக அலசத் தேவையில்லை. அணுகுமுறையில் அது 4டிஎக்ஸின் பங்காளி.

டி-பாக்ஸ் ஒரே ஒரு வேலையைத்தான் எடுத்துக்கொள்கிறது: அசைவும் அதிர்வும். சீட் மேலும் கீழும் போகும், முன்னும் பின்னும் சாயும், பக்கவாட்டில் சரியும். தண்ணீர் இல்லை, வாசனை இல்லை. சாதாரண அரங்கின் நடுவிலேயே ஒன்றிரண்டு வரிசையாகப் போட்டிருப்பார்கள். வேண்டாதவர்கள் அதே படத்தை அதே அரங்கில் அசையாத நாற்காலியில் பார்க்கலாம். கைப்பிடியில் அசைவின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான் உண்டு.

4டிஎக்ஸில் அரங்கம் முழுவதுமே மாறிவிடுகிறது. நான்கு நான்கு சீட்டாகச் சேர்ந்து அசையும். காற்று, தண்ணீர்த் தூறல், மூடுபனி, மின்னல் போன்ற வெளிச்சம், வாசனை, காதோரம் சீறும் காற்று, கணுக்காலைத் தட்டும் வார், முதுகில் முட்டும் கட்டை என இருபதுக்கும் மேற்பட்ட எஃபெக்ட்கள். இதில் நீங்கள் நிறுத்தக்கூடியது தண்ணீரை மட்டும்தான். அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. மற்றவை அனைத்தும் எல்லோருக்கும் பொது.

அசைவு என்று வரும்போது இரண்டுமே உடம்பின் சமநிலையை உணரும் நம் உட்காதை ஏமாற்றித்தான் பிழைக்கின்றன. உடம்பு வேகமெடுக்கிறதா, பின்னால் சாய்கிறதா என்பதை உட்காதால் சரியாகப் பிரித்தறிய முடியாது. அதனால் சீட்டை மெதுவாகப் பின்னால் சாய்த்து, திரையில் ஒரு விமானம் சீறிப் பாய்வதைக் காட்டினால் போதும், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்வதுபோல் இருக்கும். பிறகு நமக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாகச் சீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். விமானிகளின் பயிற்சி இயந்திரங்களில் காலம்காலமாகச் செய்யும் வித்தை இது. 1987-இல் டிஸ்னிலேண்டில் ஸ்டார் டூர்ஸ் என்ற விண்வெளிச் சவாரி தொடங்கியபோது அதுவும் இந்த வழியில்தான் வந்தது.

இதில் எனக்குப் பிடித்த கணம் ஒன்று உண்டு. கேமரா ஒரு மலை முகட்டைத் தாண்டி மெல்லப் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. சீட் எப்போது முன்னால் சாய ஆரம்பித்தது என்றே தெரியவில்லை. வயிற்றில் லேசாக ஏதோ நழுவியது. பக்கத்து சீட்டில் இருந்தவர் தன்னை அறியாமல் கைப்பிடியைப் பிடித்தார். அடி இல்லை, குத்து இல்லை. அந்தக் காட்சிக்கு அசைவு எழுதியவர் நல்ல கலைஞர். ஆம், இதை யாரோ எழுதுகிறார்கள். படத்தைக் காட்சி காட்சியாக நிறுத்திப் பார்த்து, எந்த இடத்தில் எவ்வளவு சாய வேண்டும் என்று ஒரு தனி ட்ராக் போடுகிறார்கள். இசையமைப்பது மாதிரிதான் இதுவும். சும்மா இருக்க வேண்டிய இடத்தில் சும்மா இருக்கத் தெரிந்தவரின் ட்ராக்தான் நன்றாக இருக்கிறது.

சிக்கல் வெட்டில், அதாவது ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் வருகிறது. ஸ்டார் டூர்ஸ் போன்ற சவாரிக்கு ஒரே கண். கதைப் படத்துக்கோ நூறு கண்கள். ஓட்டுநரின் பார்வையில் கார் வலப்பக்கம் திரும்புகிறது. அடுத்த ஷாட் எதிரே வரும் லாரியிலிருந்து. அதற்கடுத்தது வானத்திலிருந்து. ஒவ்வொன்றுக்கும் சீட் துள்ளினால் உடம்புக்குத் திசை புரியாது. கண் ஒன்று சொல்லி உட்காது வேறு சொன்னால் தலைசுற்றலும் குமட்டலும் வரும். பஸ்ஸில் புத்தகம் படிக்க முடியாதவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பழைய ஆட்கள் இதைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள் என்பது எனக்கு வியப்பு. 1905 வாக்கில் அமெரிக்காவில் ஹேல்ஸ் டூர்ஸ் என்ற ஒரு கேளிக்கை பரவியது. ஜார்ஜ் ஹேல் என்ற முன்னாள் தீயணைப்புத் தலைவர் உருவாக்கியது. அரங்கமே ஒரு ரயில் பெட்டி. திரையில் ஓடும் ரயிலின் முன்புறத்திலிருந்து எடுத்த படம். பெட்டி ஆடும், தண்டவாளச் சத்தம் கேட்கும். படத்திலும் நீங்கள் பயணி, நாற்காலியிலும் பயணி. 1962-இல் மார்ட்டன் ஹைலிக் காப்புரிமை பெற்ற சென்சோராமாவும் அப்படித்தான். ஒருவர் மட்டும் உட்கார்ந்து பார்க்கும் இயந்திரம். நியூயார்க் தெருவில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் படம், அதிரும் இருக்கை, முகத்தில் காற்று, தெருவின் வாசனைகள். உடம்பு யாருடையது என்ற குழப்பமே எழாது.

அதைவிடச் சாமர்த்தியமானது 1959-இல் வில்லியம் காசில் செய்தது. அவருடைய ‘தி டிங்ளர்’ படத்தில் ஒரு விபரீதப் பிராணி தப்பித்து ஒரு திரையரங்குக்குள் புகுந்துவிடும். அந்தக் கட்டத்தில், படம் ஓடும் நிஜத் திரையரங்கில் சில சீட்டுகளுக்கு அடியில் பொருத்திய மோட்டார்கள் அதிரும். கதையில் இருப்பவரும் தியேட்டரில், நீங்களும் தியேட்டரில். இன்று இருபது எஃபெக்ட் வைத்திருப்பவர்கள் யாரும் அந்த ஒற்றை மோட்டாரைத் தாண்டவில்லை என்பது என் உறுதியான கருத்து. 1974-இல் ‘எர்த்குவேக்’ படத்துக்காக வந்த சென்சரவுண்டும் இதே காரணத்தால்தான் பலித்தது. மிகத் தாழ்ந்த ஒலியைப் பெரிய ஸ்பீக்கர்களில் எழுப்பி அரங்கையே உதறவைத்தார்கள். நிலநடுக்கம் யாருக்கும் தனியாக வருவதில்லையே. பக்கத்து அரங்கில் அமைதியான படம் பார்த்தவர்களுக்கும் அது கேட்டது என்பதுதான் அதன் குறை.

சரி, வாசனை. என் இரண்டாவது கேள்வியில் இது தோற்றுவிடுகிறது. ஒலியை வெட்டலாம், வெளிச்சத்தை வெட்டலாம், அசைவையும் வெட்டலாம். காற்றில் கலந்த வாசனையை வெட்ட முடியாது. காட்டிலிருந்து நகரத்துக்கு வந்த பிறகும் காட்டு வாசனை அங்கேயே இருக்கும். கொஞ்ச நேரத்தில் மூக்கும் பழகி மரத்துப்போகும். 1959 டிசம்பரில் அரோமாராமா வந்தது, ஏசி குழாய் வழியாக அரங்கம் முழுவதும் வாசனை அனுப்பியது. அடுத்த மாதமே ஹான்ஸ் லௌபேயின் ஸ்மெல்-ஓ-விஷன் போட்டிக்கு வந்தது, ஒவ்வொரு சீட்டுக்கும் தனிக் குழாய் வைத்து. இரண்டில் இரண்டாவதுதான் கூர்மையான யோசனை. அதில் காட்டிய படமான ‘ஸென்ட் ஆஃப் மிஸ்டரி’யில் கொலைகாரனைக் காட்டிக்கொடுப்பதே புகைக்குழாய்ப் புகையிலையின் வாசனைதான். கதைக்குள் வாசனைக்கு ஒரு வேலை இருந்தது. ஆனால் குழாய் சீறும் சத்தம் கேட்டது, பால்கனிக்கு வாசனை தாமதமாகப் போனது. அதோடு கதை முடிந்தது. 1981-இல் ஜான் வாட்டர்ஸ் ‘பாலியெஸ்டர்’ படத்துக்குச் சுரண்டி முகரும் அட்டை கொடுத்தார். திரையில் எண் வரும்போது அதே எண்ணைச் சுரண்ட வேண்டும். மூன்றில் இதுதான் பலித்தது, காரணம் அட்டை பார்ப்பவர் கையில் இருந்தது. இன்றைய 4டி அரங்குகளில் வரும் வாசனையோ எந்தப் படத்திலும் ஒரே மாதிரி பூ சோப்பு மணம்.

வாசனையை நான் அடியோடு வெறுக்கவில்லை. நினைவைக் கிளறுவதில் அதற்கு ஈடான புலன் இல்லை. மற்ற புலன்களின் செய்திகள் மூளையில் ஒரு சந்திப்பைக் கடந்து போக, மூக்கின் செய்தி உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளுக்கு நேராகவே போய்ச் சேர்கிறது. அவ்வளவு வலிமையான ஒன்றை அலங்காரத்துக்குத் தெளிப்பதுதான் எனக்கு வருத்தம்.

தண்ணீருக்கு ஒரு பத்தி போதும். பவர் கண்ணாடிக்கு மேல் 3டி கண்ணாடி போட்டுப் பாருங்கள், அதன் மேல் நான்கு துளி விழட்டும். 3டி படத்தில் ஏற்கெனவே வெளிச்சம் குறைவு. சாதாரணப் படத்துக்குத் திரை வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது தரம். 3டியில் பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான் கண்ணுக்கு வருகிறது. மங்கலான படத்தை நனைந்த கண்ணாடி வழியாகத் துடைத்துத் துடைத்துப் பார்த்ததில் எனக்கு ஒரு முழு க்ளைமாக்ஸ் போயிற்று.

மூன்று சுவர்களிலும் படம் காட்டும் ஸ்க்ரீன்எக்ஸ் உடம்பைத் தொடுவதில்லை, அதற்கு நன்றி. ஆனால் பக்கச் சுவர்கள் படத்தின் சில பகுதிகளில் மட்டுமே விழித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு முறையும் கண் அங்கே ஓடிவிட்டுத் திரும்புகிறது. 1952-இல் சினிராமா மூன்று புரொஜெக்டர்களை வைத்து வளைந்த ஒரே திரையில் காட்டியது இதைவிட ஒன்றுபட்ட அனுபவமாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது எதை எடுப்பது? முதல் தடவை பார்க்கும் படம், அதுவும் நீங்கள் ஆவலோடு காத்திருந்த படம் என்றால், நல்ல ஒலியுள்ள சாதாரண 2டி அரங்கம்தான். விமானம், பந்தயக் கார், கடல் என்று கேமரா நீண்ட நேரம் வண்டிக்குள்ளேயே இருக்கும் படத்துக்கு டி-பாக்ஸ். அசைவை நடு அளவுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். புயல், நிலநடுக்கம், பேரலை போன்ற படங்களுக்கு 4டிஎக்ஸ் கொடுக்கும் காசுக்குத் தகும். காற்று எல்லாக் கதாபாத்திரங்களுக்கும் சேர்த்துத்தான் வீசுகிறது, உங்களுக்கும் வீசட்டும். 2024-இல் சூறாவளிப் படமான ‘ட்விஸ்டர்ஸ்’ 4டிஎக்ஸில் அவ்வளவு பேசப்பட்டது இதனால்தான் என்று நினைக்கிறேன். அடிதடிப் படத்தையும் காதல் படத்தையும் அங்கே பார்க்க வேண்டாம்.

முதுகுவலி, கழுத்துவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அசையும் சீட்டைத் தவிர்த்துவிடுவது நல்லது. சாப்பிட்ட கையோடு போகாதீர்கள். சூடான காபி கொண்டுபோகாதீர்கள். அப்புறம், 4டிஎக்ஸில் உட்கார்ந்ததும், விளக்கு எரியும்போதே, தண்ணீரை நிறுத்தும் பொத்தான் கைப்பிடியில் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்துவிடுங்கள். இருட்டில், சீட் ஆடிக்கொண்டிருக்கும்போது தேடினால் கைக்கு அகப்படாது.