6,800 ரூபாய்க்கு இருட்டை வாங்கினேன்

மாதம் இரண்டு முறையாவது பெங்களூரிலிருந்து சேலத்துக்கு இரவில் கார் ஓட்டுகிறவன் நான். எதிரே வருகிறவன் ஹை பீமைத் தணிக்கவே மாட்டான். ஓசூர் தாண்டினால் கண் கூசிக்கொண்டேதான் போகவேண்டும். இதற்கு வழி தேடி ஜே.சி. ரோட்டில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடைக்குள் நுழைந்தேன். என் கெட்ட நேரம். போனது 6,800 ரூபாய்.

கடைக்காரத் தம்பி தர்மபுரிக்காரனாம். "நம்ம ஊர் ஆளுக்குப் பொய் சொல்வேனாண்ணா?" என்றான். அங்கேயே விழுந்துவிட்டேன். ஷட்டரைப் பாதி இறக்கி, ஃபிலிம் ஒட்டிய கண்ணாடித் துண்டுக்குப் பின்னால் எல்இடி பல்பை எரியவிட்டுக் காட்டினான். கூச்சமே இல்லை. எப்படி இருக்கும்? கரி பூசிய கண்ணாடியை வைத்தாலும் கூசாதுதான்! அப்போது அது உறைக்கவில்லை. முன்கண்ணாடிக்கு ஃபிலிம், எனக்கு இரவில் போட ஒரு மஞ்சள் கண்ணாடி, ஆகமொத்தம் 6,800. டீ வேறு வாங்கிக் கொடுத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு சூளகிரி அருகே, பின்விளக்கு இல்லாத ஒரு டிராக்டர் கிட்டே போன பிறகுதான் கண்ணில் பட்டது. பிரேக்கில் ஏறி நின்றேன். பின்சீட்டில் அம்மா. எதிர் வெளிச்சம் குறைந்தது நிஜம்தான். கூடவே சாலையும் சேர்ந்து மறைந்துவிட்டது.

திங்கட்கிழமை போய்க் கேட்டால், "கண்ணு பழகணும்ணா, பத்து நாள் ஆகும்." பத்து நாள் கழித்து, "ஓனர் வரட்டும்." இன்று ஓனர் கிடைத்தார்: "ஒட்டின ஃபிலிமை யார் சார் திருப்பி எடுப்பா?" அண்ணன் சார் ஆகிவிட்டேன். பில்லில் 'கார் சாமான் 6,800' என்று மட்டும் இருக்கிறது. முன்கண்ணாடி குறைந்தது 70 சதவீத ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. போலீஸ் பிடித்தால் அபராதமும் என் தலையில்தான். மஞ்சள் கண்ணாடியும் வீண். அதைப் போட்டால் நடந்து போகிறவர்கள் கூடுதலாகத் தெரிவதில்லை என்று 2019-இலேயே அமெரிக்காவில் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

வழி சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஒன்றும் ஓடவில்லை. முன்கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடையுங்கள், அங்கே படியும் பிசுக்குதான் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. எதிர் விளக்கைப் பார்க்காமல் சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். கடையில் பல்பை எரியவிட்டுக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் போய் ஃபிலிம் பசையைச் சுரண்டுகிறேன். பாதிகூட வரவில்லை.