எங்கள் வீட்டை இலங்கையில் வைத்த ஜிபிஎஸ்: படகுக்காரர்கள் கவனத்துக்கு

அப்பாவின் விசைப்படகுக்கு ஒருவர் லேப்டாப்பில் மேப் போட்டுக் கொடுத்தார். அதில் சர்வதேசக் கடல் எல்லைக்கோடு, பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் தீவையே வெட்டிக்கொண்டு போகிறது. அதன்படி பார்த்தால் ராமநாதசுவாமி கோயிலும் எங்கள் வீடும் இலங்கையில் இருக்கின்றன. இதற்கு நாங்கள் கொடுத்த காசு 18,500 ரூபாய். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். கோடு தாண்டினால் படகும் போச்சு, ஆளும் உள்ளே என்ற ஊரில் இருக்கிறவனுக்குச் சிரிப்பு வராது.

தடைக்காலத்தில் நடந்தது இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போக முடியாது. பெயின்ட், இன்ஜின், வலை என்று எல்லோரும் படகுக்குச் செலவு செய்கிற நேரம் பார்த்து அந்த ஆள் கரைக்கு வந்தார். படகில் இருக்கிற 5 இன்ச் பிளாட்டரில் (படகு நிற்கும் இடத்தை மேப்பில் காட்டும் கருவி) ராத்திரி எழுத்தே தெரியவில்லை என்று எங்கள் டிரைவர் அண்ணன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "பழைய லேப்டாப் ஒண்ணு இருந்தாப் போதும் சார், ரிசீவரை மாட்டினா கப்பல்ல இருக்கிற மாதிரி ஓடும்" என்றார் வந்தவர். சொன்னது பொய்யில்லை. லேப்டாப்பில் ஜிபிஎஸ் மாட்டிப் படகு ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதனால்தான் நானும் நம்பினேன்.

ரிசீவர் 6,500, சாஃப்ட்வேர் 7,000, எல்லைக்கோட்டோடு மேப் 5,000. தன் லேப்டாப்பில் மாட்டி ஓட்டிக் காட்டினார், அருமையாக ஓடியது. பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் தொகையை எழுதிக் கொடுத்தார். ஜிபே போன பெயர் வேறு யாருடையதோ. அங்கேயே முழித்திருக்க வேண்டும்.

எங்கள் லேப்டாப் விண்டோஸ் 11. மாட்டியதும், லேப்டாப்பில் மாட்டிய சாதனங்களைக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்தது. பக்கத்திலேயே ஒரு வரி: இந்த பிஎல்2303எச்எக்ஸ்ஏ சிப் 2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளவும். விற்றவரைத்தான் நாலு நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்! இந்த ரிசீவர்களுக்குள் ஜிபிஎஸ் சிப் தவிர, அது அனுப்புவதை யுஎஸ்பிக்கு மாற்றிக் கொடுக்கும் இன்னொரு சிப் இருக்கும். அதில் பழசும் போலியும் மார்க்கெட்டில் நிறைய. பழைய விண்டோஸ் கண்டுகொள்ளாது, சாதனத்தை ஓட்ட விண்டோஸுக்கு வேண்டிய டிரைவர் சாஃப்ட்வேர் புதிதாக இருந்தால் ஏற்காது. டெமோ காட்டிய அவருடைய லேப்டாப் விண்டோஸ் 7 என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒருவழியாக வந்து பழைய டிரைவர் சாஃப்ட்வேரை ஏற்றிவிட்டுப் போனார். மறுநாள் புதுக் கூத்து. லேப்டாப்பை ஆன் செய்தால் மவுஸ் அம்பு பேய் பிடித்த மாதிரி ஸ்கிரீன் முழுக்க ஓடுகிறது, தானாகவே கிளிக் ஆகிறது. "வைரஸ் சார், ஃபார்மட் அடிக்கணும்" என்று 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு அடித்தார். மூன்று வருட டீசல் கணக்கும் படகு ஆட்களின் பங்குக் கணக்கும் அதில் இருந்தன, போயே போய்விட்டன. ஃபார்மட் முடிந்த மறுநாளும் அம்பு அதே ஆட்டம். பிறகு நானே தேடிப் பார்த்தேன். வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. ஜிபிஎஸ் நொடிக்கொரு முறை அனுப்பும் எழுத்துகளைப் பார்த்து, பழைய காலத்து சீரியல் மவுஸ் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது என்று விண்டோஸ் நினைத்துக்கொள்கிறது. டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பகுதிக்குப் போய் 'சீரியல் பால்பாயின்ட்' என்று இருப்பதை டிசேபிள் செய்தால் தீர்ந்தது. ஒரு நிமிட வேலை. இதே மாதிரி உங்களிடம் யாராவது ஃபார்மட் என்றால் வாசலைக் காட்டுங்கள்.

7,000 ரூபாய் சாஃப்ட்வேர் எது தெரியுமா? ஓபன்சிபிஎன். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். டெஸ்க்டாப்பில் ஐகானை மாற்றித் தன் கடைப் பெயரைப் போட்டிருந்தார், அவ்வளவுதான். 'அபவுட்' பகுதியைத் திறந்தால் உண்மைப் பெயர் அங்கேயே இருக்கிறது. ரிசீவரை அதில் சேர்ப்பதும் பெரிய வித்தை இல்லை. எந்த காம் போர்ட் (விண்டோஸ் ரிசீவருக்குக் கொடுக்கும் இணைப்பு எண்) என்று பார்த்துக் கொடுத்து, தகவல் வரும் வேகத்தை 4800 என்று வைக்க வேண்டும்; வரவில்லையென்றால் 9600. வேறு யுஎஸ்பி ஓட்டையில் சொருகினால் போர்ட் எண் மாறலாம். வருகிற வரிகளில் ஜிபிஆர்எம்சி என்று தொடங்குவதில் ஏ என்ற எழுத்து இருந்தால் இடம் கிடைத்துவிட்டது, வி என்றால் இன்னும் இல்லை.

மேப் என்று 5,000 வாங்கியதும் அதோடு சும்மா வரும் கரையோரப் படம்தான். ஆழம் காட்டும் எண் ஒன்றுகூடக் கிடையாது. நம் கடலுக்கான அதிகாரபூர்வச் சார்ட்டை, அதாவது ஆழத்தோடு வரும் கடல் வரைபடத்தை, வெளியிடுவது டேராடூனில் இருக்கும் தேசிய நீர்ப்பரப்பு வரைவு அலுவலகம். அது வேறு சமாச்சாரம்.

காசு போனதைக்கூட விடலாம். கோட்டை எப்படிப் போட்டார் என்று கேளுங்கள். பாக் நீரிணையில் எல்லை என்பது 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் சொன்ன புள்ளிகளை இணைக்கும் கோடு. அந்தப் புள்ளிகள் டிகிரி, மினிட் கணக்கில் இருக்கும். ஆதாம் பாலத்தில் முடியும் கடைசிப் புள்ளியின் தீர்க்கரேகை 79 டிகிரி 32 மினிட் கிழக்கு. ஒரு டிகிரிக்கு 60 மினிட், ஆகவே கணக்குப்படி அது 79.533. இந்த மனிதர் 79.32 என்று தட்டியிருக்கிறார். 79.32 ராமேஸ்வரம் ஊருக்குள் போகிறது! உண்மையான இடத்திலிருந்து 12 கடல் மைலுக்கு மேல் மேற்கே.

நல்லவேளை, தப்பு இலங்கைப் பக்கமாக இல்லாமல் எங்கள் பக்கமாக இருந்தது. ஜெட்டியில் வைத்துப் படத்தைப் பெரிதாக்கிய டிரைவர் அண்ணன், "தம்பி, இந்தக் கோட்டுப்படி உங்க வீட்டுக்கு வர பாஸ்போர்ட் எடுக்கணும்போல" என்றார். அடுத்து அவர் முகம் மாறியது. வலை மாட்டும் பார் (கடலடிப் பாறை) இருக்கிற இடங்களை இருபது வருடமாக நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதையும் அந்த ஆள் அதே மாதிரிதான் ஏற்றியிருந்தார். மினிட் எண் ஏற ஏறத் தப்பும் ஏறும்: 5 மினிட் என்றால் 2 கடல் மைல், 30 மினிட் என்றால் 12 கடல் மைல். லேப்டாப்பில் நல்ல கடல் என்று காட்டும் இடத்தில் அடியில் பாறை. பழைய பிளாட்டரோடு ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட்டு, அத்தனையையும் அழித்தோம்.

போனில் பிடித்துக் கேட்டபோது, "சும்மா ஒரு ஐடியாவுக்குத்தான் சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு நம்பர் சுவிட்ச் ஆஃப். நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் கையில் பில் இல்லை, விசிட்டிங் கார்டை வைத்துக்கொண்டு என்ன பேசுவது?

படகு பழைய பிளாட்டரோடுதான் போகிறது. அந்த ஆள் இப்போது மண்டபம் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. உங்களிடம் வந்தால் காசை எடுப்பதற்கு முன்னால் உங்கள் லேப்டாப்பில் மாட்டச் சொல்லுங்கள். பிறகு மேப்பை ராமேஸ்வரத்தின் மேல் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள்.