மே மாதத்தில் ஆறுமணிக்குருவி 'உறுதி' என்றால் பணம் கட்டாதீர்கள்

மேட்டுப்பாளையம் அடிவாரத்தில் பறவை, பட்டாம்பூச்சி படமெடுக்கும் பயணம் என்று தலைக்கு 8,500 ரூபாய் வாங்கி, சென்ற மே மாதம் ஒரு ஏற்பாட்டாளர் எங்கள் குழுவை ஏமாற்றினார். அதே விளம்பரம் வாட்ஸப்பில் மறுபடி சுற்றுவதால் இந்தப் பதிவு.

விளம்பரத்திலேயே பாதி புரட்டு வெளிப்படும். மே மாதப் பயணத்தில் ஆறுமணிக்குருவி 'உறுதி' என்று போட்டிருக்கிறார்கள். ஆறுமணிக்குருவி குளிர்காலத்தில் இங்கே வரும் வலசைப் பறவை. மே மாதத்துக்குள் பெரும்பாலும் மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் குஞ்சு பொரிக்கக் கிளம்பிவிடும். அதை மே மாதப் பட்டியலில் போடுபவருக்குப் பறவை தெரியாது, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

அதற்கு ஈடாக அவர் காட்டியது அரசவால் ஈப்பிடிப்பான் என்ற பறவையின் கூடு. கூட்டைச் சுற்றியிருந்த கிளைகளை முன்கூட்டியே வெட்டியிருந்தார்கள்; வெட்டுவாய் வெள்ளையாக, ஈரமாக இருந்தது, கீழே இலை அப்போதுதான் வாடத் தொடங்கியிருந்தது. இது மன்னிக்க முடியாத வேலை. மறைப்பு போனால் இறகு முளைக்காத குஞ்சுகள்மேல் வெயில் நேராக விழும், காக்கைக்கும் வால்காக்கைக்கும் கூடு தெரிந்துவிடும். தாயோ தந்தையோ அலகில் பூச்சியோடு பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து கத்திக்கொண்டே, கூட்டுக்கு வராமல் இருந்தால், காரணம் நாம்தான். உடனே விலகுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவையின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. கூட்டுப் படங்களைப் பல புகைப்படப் போட்டிகளும் ஏற்பதில்லை.

பட்டாம்பூச்சியில் நடந்தது இன்னும் நுணுக்கமான மோசடி. காலை பத்து மணி, நல்ல வெயில். உண்ணிச்செடிப் பூவில் கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சி ஒன்று. மேக்ரோ லென்ஸை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோயும், நிழல் மேலே விழுந்தும் அசையவில்லை. அழகி வகைகள் தேன் குடிக்கும்போது முன்னிறக்கைகளைப் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், உறிஞ்சுகுழல் பூவுக்குள் நீண்டிருக்கும். இதற்குக் குழல் சுருண்டே இருந்தது, கால்கள் பூவைப் பற்றவில்லை. ஐஸ் பெட்டியில் குளிரவைத்துக் கொண்டுவந்து வைத்தது என்று பிறகு உதவியாளரே ஒப்புக்கொண்டார். குளிர்ந்த பூச்சி இறக்கையை நடுக்கி உடம்பைச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் பறக்க முடியும். அதற்குள் எறும்போ ஓணானோ பிடித்துவிடும். சிலர் கறிவேப்பிலைச் செடியில் புழு வளர்த்து, கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்து இறக்கை இன்னும் விறைக்காத பூச்சியைக் கொண்டுவந்து வைப்பதும் உண்டு. அதிகாலைக் குளிரில் இறக்கை விரித்து வெயில் காய்வது இயல்பானதே, அதைச் சந்தேகிக்க வேண்டாம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் வனத்துறை அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். 'எல்லாம் பேசியாச்சு' என்ற பதிலை ஏற்காதீர்கள். எங்களுக்கும் அதே பதில்தான், கடிதம் கடைசிவரை கண்ணில் படவில்லை. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆறு பேருக்கு மேல் போனால் பறவை ஒதுங்கிவிடும், எங்களோடு வந்தது பதினான்கு பேர். பறவைக் குரலை ஒலிபரப்பி அழைப்பார்களா, கூட்டருகே கூட்டிப்போவார்களா என்பதற்கும், பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனைக்கும் வாட்ஸப்பில் எழுத்தாகவே பதில் வாங்கி வையுங்கள். எங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லை என்று சொல்லித்தான் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை.

வெட்டிய கிளையைப் பார்த்தால் அதை மட்டும் தூரத்திலிருந்து படமெடுத்து, திருத்தாத கோப்பை நேரம், இடத்தோடு வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள். கூடு இருக்கும் இடத்தை எந்தக் குழுவிலும் பகிர வேண்டாம்.